குரல்நாண் புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை: 33 நாளா, 28 நாளா, 20 நாளா?

இலங்கையின் மலையகத்தில் ஒருவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் அதற்கான காரணம் கைவசம் தயாராக இருக்கும். பனி, குளிர், தொழிற்சாலையில் பறக்கும் தேயிலைத் தூசி, மலையின் இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டே பழகிய கங்காணியின் தொண்டை, மாசி மாதம் இரவிரவாகக் காமன்கூத்துப் பாடிய தொண்டை. பெரும்பாலும் அந்தக் காரணம் சரியாகவும் இருக்கும். கொத்தமல்லி அவித்துக் குடித்து, தோட்ட டிஸ்பென்சரியில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டால் ஒரு வாரத்தில் குரல் திரும்பிவிடும். ஆனால் 3 வாரம் தாண்டியும் குரல் தெளியவில்லை என்றால், அதுவும் புகைக்கும் பழக்கம் உள்ளவர் என்றால், காது மூக்கு தொண்டை கிளினிக்கில் ஒருமுறை குழாய் விட்டுப் பார்த்துவிட வேண்டும். குரல்நாணில் தோன்றும் புற்றுநோய்க்கு அதுதான் முதல் அடையாளம், பல பேருக்கு ஒரே அடையாளமும் கூட.

இந்தப் புற்றுநோய் தன்னைச் சீக்கிரமே காட்டிக்கொடுக்கும் வகை. குரல்நாண்கள் விளிம்போடு விளிம்பு துல்லியமாக ஒட்டி அதிர வேண்டிய மடிப்புகள். அந்த விளிம்பில் சில மில்லிமீட்டர் தடிப்பு வந்தாலே குரல் கரகரக்கும். கணையம், ஈரல் போன்ற இடங்களில் மாதக்கணக்காகச் சத்தமில்லாமல் வளரும் கட்டிகளைப் போல அல்லாமல், இது ஆரம்ப நாட்களிலேயே குரலை மாற்றிவிடுகிறது. பீடி, சிகரெட், சுருட்டு ஆகியவைதான் முதல் காரணம். அதோடு சாராயமோ கசிப்போ சேர்ந்தால் ஆபத்து கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக ஏறுகிறது. அதனால்தான் நடுத்தர வயதைத் தாண்டிய ஆண்களே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள்.

இன்னொரு நல்ல பக்கமும் உண்டு. குரல்நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு. எனவே கட்டி நாணோடு நிற்கும் வரை கழுத்து நெறிகளுக்கு, அதாவது நிணநீர்க் கணுக்களுக்கு, பரவுவது அபூர்வம். ஒரு நாணிலோ இரண்டு நாண்களிலோ மட்டும் இருந்து, நாண்கள் வழமைபோல் அசைந்தால் அது முதலாம் நிலை. மேலேயோ கீழேயோ சற்றுப் படர்ந்தால், அல்லது நாணின் அசைவு குறைந்தால் இரண்டாம் நிலை. இந்த இரண்டையும்தான் ஆரம்பக் கட்டம் என்கிறார்கள். முதலாம் நிலையில் 10 பேரில் 9 பேர் அளவுக்குக் கட்டியை அந்த இடத்திலேயே அடக்கிவிட முடிகிறது. இரண்டாம் நிலையில் 10 பேரில் 7 அல்லது 8 பேர். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் ஒடிந்துபோகிற குடும்பங்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி இது.

வைத்தியத்துக்கு இரண்டு வழி. வாய் வழியாக லேசரால் கட்டியை வெட்டி எடுப்பது ஒன்று. ஒரு நாணின் நடுவில் மட்டும் இருக்கும் சிறு கட்டிக்கு அது நன்றாகப் பொருந்தும், ஒரே நாளில் முடிந்தும் விடும். மற்றது கதிர்ச்சிகிச்சை. லயத்துப் பேச்சில் ‘கரண்ட் பிடிக்கிறது’ என்பார்கள். குணமாகும் வாய்ப்பு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். கட்டி இரண்டு நாண்களும் சந்திக்கும் முன்மூலையில் இருந்தாலோ, அகலப் படர்ந்திருந்தாலோ, வெட்டினால் குரல் கெடும் என்று தோன்றினாலோ கதிர்ச்சிகிச்சைதான் கைகொடுக்கும். லேசர் வசதியும் அதில் தேர்ந்த கையும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை என்பதால் நம்மவர்களில் பலர் வந்து சேருவதும் கதிர்ச்சிகிச்சைக்குத்தான்.

அங்கே வைத்தியர் ஒரு எண்ணைச் சொல்வார். “33 நாள் வர வேண்டும்.” சில இடங்களில் 28 என்பார்கள், சில இடங்களில் 20. கேட்பவருக்கு, கூட நாள் என்றால் நல்ல வைத்தியம், குறைந்த நாள் என்றால் அரைகுறை வைத்தியம் என்றுதான் மனம் சொல்லும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்கிறோமே, அதனால் சுருக்கிவிட்டார்களோ என்ற சந்தேகமும் வரும். இந்த நோயைப் பொறுத்தவரை அந்த எண்ணம் முழுக்கத் தவறு. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஏன் ஒரே நாளில் முடிப்பதில்லை

கதிரின் அளவைக் கிரே என்ற அலகில் சொல்கிறார்கள். குரல்நாண் கட்டியை அழிக்கத் தேவையான முழு அளவையும் ஒரே நாளில் கொடுத்தால் கட்டி போகும், கூடவே குரல்வளையின் குருத்தெலும்பும் தோலும் சேர்ந்து போகும். நல்ல கலங்களுக்குத் தங்களைத் தாங்களே பழுதுபார்த்துக்கொள்ளும் திறன் அதிகம், புற்றுக் கலங்களுக்குக் குறைவு. அளவைச் சிறு தவணைகளாகப் பிரித்து, நாளுக்கு ஒன்று வீதம் இடைவெளி விட்டுக் கொடுத்தால், நல்லவை தேறிக்கொள்ளும், கெட்டவை தேறாமல் தேய்ந்துபோகும். இந்தத் தவணை முறை வளர்ந்ததே தொண்டை நோயாளிகளிடம்தான். 1920களில் பாரிஸில் ஆன்றி கூதார் என்ற வைத்தியர் குரல்வளைப் புற்றுநோய்க்கு வாரக்கணக்கில் சிறுசிறு அளவாகக் கதிர் கொடுத்துக் குணமாக்கிக் காட்டினார். அதற்கு முன் பெரிய அளவை ஓரிரு தடவையில் கொடுத்துச் சுட்டுவிடுவதே வழக்கமாக இருந்தது.

அந்த வழியில் வந்த பழைய ஒழுங்குதான் தவணைக்கு 2 கிரே, வாரத்தில் 5 நாள், 33 தவணை, மொத்தம் 66 கிரே. இரண்டாம் நிலைக்கு 35 தவணை, 70 கிரே. திங்கட்கிழமை தொடங்கினால் 33ஆவது தவணை முடிவது 45ஆம் நாள், அதாவது ஏழாவது வாரத்தின் புதன்கிழமை.

சிக்கல் இந்த 45 நாளில்தான் இருக்கிறது. கதிர் படத் தொடங்கி ஏறத்தாழ 4 வாரம் ஆனதும், உயிர் தப்பிய புற்றுக் கலங்கள் முன்பைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி சில நாள் சும்மா நின்றுவிட்டு, பிறகு ஒரேயடியாகத் துளிர்க்கிறதே, ஏறத்தாழ அப்படி. அந்தக் கட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கொடுக்கும் கதிரில் ஒரு பங்கு புதிதாக முளைத்ததை அழிக்கவே செலவாகிறது. 1980களின் முடிவில் தலை, கழுத்துப் புற்றுநோய்களின் சிகிச்சைப் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இந்த இழப்பு நாளொன்றுக்குச் சுமார் 0.6 கிரே என்று கணித்தார்கள். நாட்காட்டியில் கூடும் ஒவ்வொரு நாளுக்கும் விலை உண்டு என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

சுருக்கிப் பார்த்தவர்கள் கண்டது

இதைச் சரியாகச் சோதித்துப் பார்த்தவர்கள் ஜப்பானின் ஒசாக்கா வைத்தியர்கள். 1993இலிருந்து 2001 வரை முதலாம் நிலை குரல்நாண் புற்றுநோயாளர் 180 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தவணைக்கு 2 கிரே வீதம், கட்டியின் அளவைப் பொறுத்து 30 அல்லது 33 தவணை. மற்றப் பிரிவுக்குத் தவணைக்கு 2.25 கிரே வீதம் 25 அல்லது 28 தவணை. வித்தியாசம் கால் கிரேதான், மொத்த அளவும் சற்றுக் குறைவு, முடியும் நாள் மட்டும் ஒரு வாரம் முந்தியது. 2006இல் வெளியான முடிவு: 5 வருடத்தில் கட்டி திரும்பாமல் இருந்தவர்கள் பழைய முறையில் 77 சதவீதம், சுருங்கிய முறையில் 92 சதவீதம். பக்கவிளைவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குறைந்த அளவு, குறைந்த நாள், கூடிய பலன். அதன் பிறகு அமெரிக்க வழிகாட்டல்களிலும் 28 தவணை, 63 கிரே என்ற ஒழுங்கு இடம்பிடித்தது.

நேர்மையாகச் சொன்னால், பின்னால் வந்த சோதனைகளில் வித்தியாசம் இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. கொரியாவில் 156 பேரில் செய்த சோதனையில் சுருங்கிய முறை 88.5 சதவீதம், பழையது 77.8 சதவீதம். போக்கு அதே பக்கம்தான், ஆனால் போதிய ஆட்கள் சேராமல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டதால் அதை உறுதியான முடிவு என்று சொல்ல முடியவில்லை. ஜப்பானிலேயே 370 பேரை வைத்துத் தவணைக்கு 2.4 கிரே வீதம் 25 அல்லது 27 தவணை கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை 2018இல் வெளியானது. அதில் 3 வருட முடிவு சுருங்கிய முறையில் 81.7 சதவீதம், பழையதில் 79.9. அதாவது கிட்டத்தட்டச் சமம், ஆனால் புள்ளியியல் கடுமையோடு ‘குறைவில்லை’ என்று நிறுவும் கோட்டை மயிரிழையில் தவறவிட்டது. என் வாசிப்பு இதுதான்: சுருக்குவதால் ஒசாக்கா காட்டிய அளவுக்கு எல்லா இடத்திலும் இலாபம் கிடைக்காமல் போகலாம். நட்டம் ஏற்படுகிறது என்று காட்டிய சோதனை இவற்றில் ஒன்றுகூட இல்லை.

பிரிட்டன் இதற்கெல்லாம் முன்பே வேறு பாதையில் போயிருந்தது. மான்செஸ்டரின் கிறிஸ்டி வைத்தியசாலையில் 3 வாரத்தில், 16 தவணையில் முடிக்கும் மரபு பல தசாப்தங்களாக உண்டு. பிரிட்டனின் பல நிலையங்கள் 4 வாரத்தில் 20 தவணையாக 55 கிரே கொடுக்கின்றன. 28 தவணையோடு நேருக்கு நேர் மோதவிட்டு வந்த எண் அல்ல இது, நீண்ட அனுபவத்தில் நிலைத்தது. இருந்தாலும் அண்மையில் வலுவான ஒரு துணை கிடைத்திருக்கிறது. சர்வதேச அணுசக்தி முகமை, வருமானம் குறைந்த மற்றும் நடுத்தர நாடுகளின் தலை, கழுத்துப் புற்றுநோயாளர்களிடம் 20 தவணை 55 கிரேயையும் 33 தவணை 66 கிரேயையும் ஒப்பிட்டது. அந்த 33 தவணையும் வாரம் 6 நாள் வீதம் விரைவாகக் கொடுக்கப்பட்டது. 2023இல் அறிவிக்கப்பட்ட முடிவில் 20 தவணை பின்தங்கவில்லை.

இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெவ்வேறு தவணை முறைகளை ஒப்பிட, எல்லாவற்றையும் ‘தவணைக்கு 2 கிரே வீதம் கொடுத்தால் எவ்வளவுக்குச் சமம்’ என்று மாற்றிக்கொள்வது கதிர்ச்சிகிச்சையில் வழக்கம். அதிலிருந்து 28ஆம் நாளுக்குப் பிந்திய ஒவ்வொரு நாளுக்கும் மேலே சொன்ன 0.6ஐக் கழித்துவிடுவோம். 33 தவணை 45 நாளில் முடிகிறது, 66இலிருந்து 17 நாளுக்கான 10.2 கழிய மிஞ்சுவது 55.8. 28 தவணை 38ஆம் நாளில் முடிகிறது, 64.3இலிருந்து 6 கழிய 58.3. 20 தவணை 26ஆம் நாளிலேயே முடிந்துவிடுவதால் கழிக்க எதுவும் இல்லை, 58.4 அப்படியே நிற்கிறது. தாளில் போட்ட கணக்குத்தான், உடம்பு இதைவிடச் சிக்கலானது. ஆனால் ஒசாக்காவில் நடந்ததை இந்தக் கணக்கு நன்றாகவே விளக்குகிறது. 66 என்ற பெரிய எண் கடைசியில் 63க்கும் 55க்கும் பின்னால் போய் நிற்பது எப்படி என்பதும் தெரிகிறது.

தவணை ஒன்றுக்கு அளவு கூடினால் பிற்காலப் பாதிப்பு கூடாதா என்ற கேள்வி நியாயமானது. குருத்தெலும்பு போல மெல்லப் பழுதாகும் இழையங்களுக்குப் பெரிய தவணைகள்தான் எதிரி. அவற்றுக்கான விதத்தில் அதே மாற்றுக் கணக்கைச் செய்தால் 33 தவணைக்கு 66, 28 தவணைக்கு 66.2, 20 தவணைக்கு 63.3 என்று வருகிறது. மொத்த அளவையும் இறக்கியிருப்பதால் பாரம் கூடவில்லை. இன்னொரு பாதுகாப்பு, கதிர் படும் பரப்பு மிகச் சிறியது. நெறிகளுக்குப் பரவாத நோய் என்பதால் இரண்டு பக்கத்திலும் 5 அல்லது 6 சென்டிமீட்டர் சதுரம் போதும். அது இந்தப் புற்றுநோய்க்கு மட்டும் கிடைத்த சலுகை. முற்றிய கட்டிக்காகக் கழுத்து முழுக்கக் கதிர் வாங்கும், கூடவே மருந்தும் ஏறும் ஒருவர், பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்து “எனக்கும் 20 நாள் போதுமே” என்று கேட்டுவிடக் கூடாது. அவருடைய கணக்கு வேறு.

மலைப்பாதையில் 45 நாள்

இனி நம் பக்கம். மலையகத்துக்காரர் ஒருவர் கதிர்ச்சிகிச்சைக்குப் போகும் இடம் பெரும்பாலும் கண்டி தேசிய வைத்தியசாலை, இல்லையென்றால் கொழும்புக்கு அருகில் மகரகம அபேக்ஷா வைத்தியசாலை. ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்கு நல்ல நாளிலும் இரண்டரை, மூன்று மணி நேரம். பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ மேல் பிரிவில் இருப்பவருக்கு ஹட்டன் வந்து சேருவதே தனிப் பயணம். நுவரெலியாவிலிருந்து ரம்பொடை, புசல்லாவை வழியாக ஏறத்தாழ 75 கிலோமீட்டர் வளைவுகள். பத்து நிமிடக் கதிருக்காகத் தினமும் இப்படி வந்துபோவது எளிதல்ல. வார்ட்டில் கட்டில் கிடைக்க வேண்டும், அல்லது கண்டிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் ஒட்டிக்கொள்ள வேண்டும். எப்படிப் போனாலும் தோட்டத்தில் பேர் விழாது, அன்றைய சம்பளம் இல்லை. கூட வரும் மனைவிக்கோ மகனுக்கோ அதே கதி. வைத்தியம் இலவசம்தான். பஸ், சாப்பாடு, இழந்த நாட்சம்பளம் ஆகியவை இலவசம் இல்லை. 33 நாளுக்கும் 20 நாளுக்கும் நடுவில் உள்ள 13 வேலைநாட்கள், நாட்சம்பளக்காரர் வீட்டில் கடன் வாங்குவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிற நாட்கள்.

நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் ஒவ்வொரு முழுநிலாவும் போயா விடுமுறை. இரண்டு பௌர்ணமிக்கு நடுவில் 29 அல்லது 30 நாள்தான் என்பதால், 45 நாள் நீளும் சிகிச்சையில் ஒரு போயா நிச்சயம் வரும், இரண்டும் வரலாம். 26 நாளில் ஒன்றுகூட வராமல் போகலாம். மார்ச் கடைசியில் தொடங்கும் ஒருவரின் பாதையில் பெரிய வெள்ளி, சித்திரைப் புத்தாண்டின் இரண்டு நாள், போயா, மே தினம் எல்லாம் குறுக்கே நிற்கும், வருடத்தைப் பொறுத்து வெசாக்கும் சேரும். அந்த நாட்களில் கதிர்ப் பிரிவு மூடியிருந்தால் நோயாளி எந்தத் தவறும் செய்யாமலே சிகிச்சை நீளும். அப்புறம் பண்டிகைக்கு ஊர் போனவர் இரண்டு நாள் சேர்த்துத் தங்கிவிடுவதும் உண்டு. வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கும்போது அது குற்றமும் இல்லை. அந்த இரண்டு நாளுக்கு என்ன விலை என்று யாரும் அவருக்குத் தமிழில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மழை வேறு. 2022இல் எரிபொருள் இல்லாமல் பஸ்கள் நின்ற வாரங்களை எல்லோரும் அனுபவித்தோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மண்சரிவுகளால் மலையகப் பாதைகள் துண்டாகின. அவ்வளவு பெரிய அனர்த்தம் இல்லாத வருடத்திலும் ஒரு மண்மேடு சரிந்து பாதை அடைபடுவது இங்கே புதினம் இல்லை. இயந்திரம் பழுதாகி நிற்கும் நாட்களும் எந்த நாட்டிலும் உண்டு. நீளும் ஒவ்வொரு வாரமும் இந்தத் தடைகளில் ஏதாவது ஒன்று குறுக்கிட இன்னொரு வாய்ப்பு.

குரல்வளைப் புற்றுநோயில் சிகிச்சை ஒரு நாள் நீண்டால் கட்டி அடங்கும் வாய்ப்பு சராசரியாக 1.4 சதவீதப் புள்ளி இறங்குகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கணித்திருக்கிறார்கள். ஒரு முழு வாரம் என்றால் ஏறத்தாழ 10 புள்ளி. முன்பு போட்ட கணக்கைத் திரும்ப எடுங்கள். 33 தவணைக்காரர் நடுவில் ஒரு வாரம் தவறவிட்டு 52ஆம் நாளில் முடித்தால் அவருக்கு மிஞ்சுவது 51.6. 20 தவணைக்காரர் அதே ஒரு வாரத்தைத் தவறவிட்டு 33ஆம் நாளில் முடித்தாலும் 55.4. ஒரு நாளும் தவறாமல் 33 தவணையும் எடுத்தவரின் 55.8க்கு அது கிட்டத்தட்டச் சமம். குறுகிய முறை பாதையின் தடைகளையும் ஓரளவு தாங்கிக்கொள்கிறது என்பது என்னைப் பொறுத்தவரை மலையகத்துக்கு இதிலுள்ள மிகப் பெரிய நன்மை. ஆனால் ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: இங்கே ஒவ்வொரு தவணையும் மொத்த அளவில் 20இல் ஒரு பங்கு. தவறியதைப் பின்னால் சேர்த்துக் கொடுக்காமல் விட்டால் இழப்பு பெரிது.

இயந்திர நேரமும் இந்தப் பேச்சில் வர வேண்டும். 660 தவணைகளுக்கான இடத்தில் 33 நாள் முறையில் 20 பேருக்குச் சிகிச்சை முடிக்கலாம். 20 நாள் முறையில் 33 பேருக்கு முடிக்கலாம். காத்திருப்போர் வரிசை உள்ள நாட்டில் அந்த 13 பேரில் நம் ஆட்களும் இருப்பார்கள்.

தவறிய நாளை ஈடுசெய்ய வழிகள் உண்டு. பிரிட்டனின் கதிரியல் வைத்தியர்களின் ரோயல் கல்லூரி, இந்த வகைப் புற்றுநோயாளரின் சிகிச்சை திட்டமிட்டதைவிட 2 நாளுக்கு மேல் நீளவே கூடாது என்று வரையறுத்திருக்கிறது. சனிக்கிழமையில் ஒரு தவணை கொடுக்கலாம். அல்லது ஒரே நாளில் குறைந்தது 6 மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தவணை கொடுக்கலாம். வாரம் 6 தவணை என்பதே ஒரு முறையாகச் சோதிக்கப்பட்டதுதான். டென்மார்க்கில் 1,400க்கும் மேற்பட்ட தலை, கழுத்துப் புற்றுநோயாளர்களிடம் வாரம் 5 தவணையை 6 ஆக்கியதும் கட்டி அடங்கியவர்கள் 60இலிருந்து 70 சதவீதமாக உயர்ந்தார்கள். சர்வதேச அணுசக்தி முகமை வளர்முக நாடுகளில் 908 பேரிடம் அதையே செய்தபோது 30 சதவீதம் 42 ஆனது. கூடுதல் இயந்திரமோ புது மருந்தோ இல்லாமல், ஆறாவது நாள் கதவைத் திறந்ததால் கிடைத்த பலன் இது. போயா வாரத்தில் ஒரு சனிக்கிழமை வேலை செய்யும் ஒழுங்கு எல்லாக் கதிர்ப் பிரிவிலும் இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. அதற்கு ஆளும் மேலதிக நேரக் கொடுப்பனவும் தேவை என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கோபால்ட் என்ற கதிரியக்கப் பொருளை மூலமாகக் கொண்ட பழைய மெஷினில் விட்டுவிட்டார்களே என்று யாராவது கவலைப்பட்டால், இந்த நோய்க்கு அது பெரிய குறை இல்லை. நாண்கள் சந்திக்கும் முன்மூலை கழுத்துத் தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் அளவு ஆழத்தில்தான் இருக்கிறது. கோபால்ட் கதிர் தன் முழுப் பலத்தை அரைச் சென்டிமீட்டரில் அடைந்துவிடும். அதிக சக்தியுள்ள கதிர்கள் தோலுக்கு அருகில் பலம் குறைந்து போகக்கூடும். மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் நவீன லினாக் இயந்திரத்திலும் இதற்குக் குறைந்த சக்திக் கதிரையே தெரிவு செய்கிறார்கள். கோபால்ட்டின் குறை வேறு: அதன் பலம் 5.27 வருடத்தில் பாதியாகும், மூலம் பழையதாக ஆக ஒரு தவணைக்கான நேரம் நீளும், ஒரு நாளில் பார்க்கக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை குறையும்.

படுத்திருக்கும் நேரத்தில்

சிகிச்சைக்கு முன் முகத்துக்கும் கழுத்துக்கும் பொருந்த ஒரு பிளாஸ்டிக் முகமூடி செய்வார்கள். ஒவ்வொரு நாளும் தலை அதே இடத்தில் நிற்பதற்காக அது. கதிர் ஓடும் அந்தச் சில நிமிடம் எச்சில் விழுங்கக் கூடாது, விழுங்கினால் குரல்வளை மேலே எழுந்துவிடும், சிறு சதுரத்துக்குள் இருக்க வேண்டிய கட்டி விலகும். இந்த ஒரு வாக்கியம் நோயாளிக்கு விளங்கும் மொழியில் போய்ச் சேர வேண்டும். சிங்களம் தட்டுத்தடுமாறிப் பேசும் முதியவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருவார். தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் மிஸ்ஸையோ பக்கத்து நோயாளியையோ கூப்பிட்டுச் சொல்ல வைப்பது சில விநாடி வேலை.

கதிர் படும்போது வலி எதுவும் தெரியாது. மூன்றாவது வாரத்தில் தொண்டை புண்ணாகத் தொடங்கும், விழுங்கக் கஷ்டமாகும், கழுத்துத் தோல் கறுக்கும். இருந்த குரலும் போகும். பலர் மனம் விடுவது இந்த இடத்தில்தான். “கரண்ட் பிடிக்கப் போய்க் குரலே போயிட்டு” என்று வீட்டில் பேச்சு வரும், யாராவது நாட்டு மருந்து சொல்வார்கள், இரண்டு நாள் விட்டுப் பார்ப்போம் என்று தோன்றும். புற்றுக் கலங்கள் வேகமெடுக்கும் காலமும் அதையொட்டியேதான் வருகிறது. குரல் மோசமாவது கதிரின் எதிர்பார்த்த விளைவு, நோய் கூடியதன் அடையாளம் இல்லை. முடிந்து ஓரிரு வாரம் வரை அது உச்சத்தில் இருக்கும், 4 முதல் 6 வாரத்தில் தணியத் தொடங்கும், குரல் தெளிய அதற்கு மேலும் சில மாதம் ஆகலாம். பெரும்பாலானோருக்கு வேலைக்கும் வீட்டுக்கும் போதுமான குரல் திரும்பிவிடுகிறது. 20 நாள் முறையில் இந்தப் புண் சற்றுச் சீக்கிரமாகவும் காரமாகவும் வரலாம், ஆனால் வரும்போது சிகிச்சையே முடிவுக்கு வந்துகொண்டிருக்கும்.

அந்த வாரங்களில் பீடியை விடாதவருக்குக் கதிரின் பலன் குறைகிறது. புகை குருதியில் ஒட்சிசனைக் குறைக்கும், ஒட்சிசன் குறைந்த கட்டியில் கதிர் சரியாக வேலை செய்யாது. குருதிச்சோகை உள்ளவருக்கும் இதே சிக்கல் என்பதால் தொடக்கத்திலேயே ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். தோட்டங்களில் சோகை புதிதான நோய் இல்லையே.

முதல் கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. எத்தனை தவணை, எந்தத் தேதியில் முடியும்? என் கட்டிக்கு 28 அல்லது 20 தவணை முறை பொருந்துமா? நடுவில் போயாவோ பண்டிகையோ வந்தால் அந்தத் தவணையை எப்போது தருவீர்கள்? பாதை அடைபட்டு வர முடியாமல் போனால் யாருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும்? இதைக் கேட்பது வைத்தியரை மீறுவது ஆகாது. “ஐயா, எனக்குத் தினமும் வர்றது கஷ்டம், சுருக்கமா முடிக்கிற வழி இருக்கா” என்று சொன்னால், காரணம் தெரிந்த வைத்தியர் யோசிப்பார். நோயாளி பொகவந்தலாவையிலிருந்து வருகிறார் என்பது கிளினிக் கொப்பியில் ஒரு முகவரியாக மட்டும் இருந்துவிடக் கூடாது, தவணை முறையைத் தெரிவு செய்யும்போது அதுவும் ஒரு காரணியாக இருக்க வேண்டும். கட்டிலோ தங்குமிடமோ கொடுப்பதில் முன்னுரிமை தூரத்தவருக்குத்தான்.

தோட்டத் தரப்பிலும் தொழிற்சங்கங்களிலும் செய்யக்கூடியது இருக்கிறது. சிகிச்சைத் தேதிகள் எழுதிய கடிதத்தைக் கொடுத்தால் அந்த நாட்களுக்கு வேலைக்கு வராதவர் என்று கணக்கில் விழாமல் பார்த்துக்கொள்வது, தோட்டத்து வண்டி கண்டிப் பக்கம் போகும் நாளில் ஓர் இடம் ஒதுக்குவது, வெளியூரில் இருக்கும் மாதத்துக்கு ஒரு முற்பணம். 33 நாளுக்கு இதையெல்லாம் கேட்பதைவிட 20 நாளுக்குக் கேட்பது எளிது, கொடுப்பதும் எளிது.

முடிந்த பிறகும் கிளினிக் தொடரும். முதல் வருடத்தில் ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு இடைவெளி கூடும். கட்டி திரும்பினால் பெரும்பாலும் முதல் 2, 3 வருடத்துக்குள் திரும்பும். அப்போதே பிடித்துவிட்டால் சத்திரசிகிச்சையால் காப்பாற்ற இன்னும் வாய்ப்பு உண்டு, சிலருக்குக் குரல்வளை முழுவதையும் எடுக்க வேண்டியும் வரலாம். தெளிந்த குரல் திரும்பக் கரகரத்தால் அடுத்த கிளினிக் தேதி வரை காத்திருக்காமல் கொப்பியோடு போய்விட வேண்டும்.